பேர் ஒரு பிள்ளைக்கு, சோறு ஒரு பிள்ளைக்கு

என் மனைவி கமர் நிஷாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவளுடைய கோபத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். காலையில் அடுப்புக்கு முன்னால் அது பற்றிக்கொள்ளும். அரசாங்கத்தின் மேல் கோபம், செல்போன் மேல் கோபம், சிலிண்டர் கொண்டு வராத ஏஜென்சிக்காரன் மேல் கோபம். கடைசியில் எல்லாம் என் தலையில்தான் விடியும். பக்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

நான் மொய்னுதீன். கும்மிடிப்பூண்டியில் ஓர் இங்கிலீஷ் நர்சரிக்கு வேன் ஓட்டுகிறேன். அவள் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கிற லைன் வீடுகளுக்கு நடுவில் பால்வாடி டீச்சர். போர்டில் அங்கன்வாடி மையம் என்று எழுதியிருக்கும். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு அது என்றைக்கும் பால்வாடிதான்.

இதில் இருக்கிற கூத்தைப் பாருங்கள். காலையில் அவள் தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூப்பிடுவாள். அதே தெருவில் நான் ஹாரன் அடித்து அந்தப் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விடுவேன்.

"இன்னாங்க, நீங்க ஏத்திக்கினு போற பசங்கள்ல பாதி என் பால்வாடியில பேர் கீற பசங்க. உங்களுக்கு மனசாட்சியே இல்லியா?" என்பாள்.

"அவங்க அம்மா டை கட்டி, ஷூ மாட்டி அனுப்பறாங்க. நான் இன்னா பண்றது?"

"உங்க வண்டி டயர் வெடிக்க!"

வெடித்தால் வெயிலில் குந்திக்கொண்டு அதை மாற்றப் போவது அவள் புருஷன்தான் என்பது அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றாது.

அவள் பிறந்தது பழவேற்காட்டில். வாப்பாவுக்கு இறால் கமிஷன் வியாபாரம். வீட்டுப் பெண்கள் யாரும் வேலைக்குப் போனதில்லை. பன்னிரண்டாவது முடித்துவிட்டு இவள் பால்வாடி வேலைக்கு மனுப் போட்டபோது வீட்டில் பெரிய ரகளை. அவளுடைய அண்ணன்கள் குதித்தார்கள். வாப்பா மட்டும், "புள்ளைங்களுக்கு சோறு போடற வேலைதானே, போவட்டும்" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டிவிட்டாள்.

சிப்காட் லைன் வீடுகளுக்கு அவளைப் போட்ட கதை இன்னும் வேடிக்கை. அங்கே ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள் அதிகம். ஆபீஸில் இருந்த ஒரு பெரியவர் இவள் பேரைப் பார்த்ததும், "பாய் வீட்டுப் பொண்ணு, ஹிந்தி தெரியும், அங்க போடுங்க" என்று சொல்லிவிட்டார். பழவேற்காட்டு முஸ்லிமுக்கு ஏது ஹிந்தி? எங்களுக்குத் தெரிந்தது தமிழ், ஓதுவதற்கு அரபு எழுத்து, சந்தையில் பேசக் கொஞ்சம் தெலுங்கு. "சார், எனக்கு அச்சாவுக்கு மேல ஒண்ணும் வராது" என்று இவள் சொல்லியிருக்கிறாள். "அது போதும்மா" என்றாராம் அவர்.

போன புதிதில் அந்த வெளியூர்ப் பிள்ளைகள் ஒன்றுகூடப் பால்வாடிக்கு வரவில்லை. வீட்டில் அப்பா அம்மா இரண்டு பேரும் கம்பெனி ஷிப்டுக்குப் போய்விடுவார்கள். பிள்ளையை அறைக்குள் விட்டு வெளியே பூட்டிவிட்டுப் போவார்கள். வேறு வழி? லைன் வீடு என்றால் வரிசையாகப் பத்துக்குப் பத்து அறை, தகரக் கூரை. பங்குனி வெயிலில் உள்ளே எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் மத்தியானம் இவள் அந்த வழியாகப் போகும்போது ஒரு ஜன்னலுக்குள்ளிருந்து அழுகைச் சத்தம் வந்திருக்கிறது. எட்டிப் பார்த்தால் ஒரு பொட்டைப் பிள்ளை, நடக்கப் பழகி அதிக நாள் ஆகியிருக்காது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பால்வாடிக்கு ஓடிப்போய்ச் சோறு எடுத்து வந்து கம்பிக்குள் கையை விட்டு ஊட்டிவிட்டாள். அப்புறம் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து அம்மாக்காரி வந்தாள். பேர் சுமித்ரா. இவள் தமிழில் கத்தினாள். அந்தப் பெண் ஒடியாவில் அழுதாள். ஒருத்தி பேசியது இன்னொருத்திக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் மறுநாள் ஷிப்டுக்குப் போகிற வழியில் சுமித்ரா பிள்ளையைப் பால்வாடி வாசலில் இறக்கிவிட்டுப் போனாள். அந்தப் பிள்ளைதான் லிப்சா.

லிப்சாவைப் பார்த்து அடுத்த அறைப் பிள்ளை வந்தது. அதைப் பார்த்து அதற்கடுத்தது. கொஞ்ச நாளில் பால்வாடிப் பாய் நிறைந்துவிட்டது. இவள் பாட்டைத் தமிழில் சொல்லிக் கொடுப்பாள், அதுகள் ஒடியாவில் பதில் சொல்லும். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் எல்லாருக்கும் எல்லாம் புரியும். சமைப்பது குப்பம்மாள், பால்வாடி ஆயா. ஆரம்பாக்கம் பக்கத்திலிருந்து வந்தவள். வாயைத் திறந்தால் பாதி தெலுங்கு கலந்து வரும். என்னைக்கூட நைனா என்றுதான் கூப்பிடுவாள்.

இங்கேதான் சிக்கல். பாயில் உட்கார்ந்து சாப்பிடுகிற பிள்ளைகளுக்குப் பால்வாடியில் பேர் கிடையாது. பேர் சேர்க்க ஆதார் வேண்டும். நம்பரைப் போட்டால் ஓடிபி போகும். எங்கே போகும்? ஒடிசாவில் ஏதோ ஒரு மலையடிவாரத்தில் தாத்தாவிடம் இருக்கிற போனுக்குப் போகும். தாத்தா மாடு ஓட்டிக்கொண்டு போயிருப்பார், போன் வீட்டில் சார்ஜ் இல்லாமல் கிடக்கும். அவர் அதைப் பார்த்து, படிக்கத் தெரிந்த ஆளைப் பிடித்து, நம்பரைச் சொல்வதற்குள் இங்கே ஆப் மூடிக்கொள்ளும். இவள் சிக்னலுக்காக மொட்டை மாடியில் ஏறி நின்று அந்தத் தாத்தாவோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். அவர் ஒவ்வொரு தடவையும் "நமஸ்கார், நமஸ்கார்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவாராம்.

பேர் இருக்கிற பிள்ளைகளோ என் வேனில் நர்சரிக்குப் போய்க்கொண்டிருந்தன. அதுகளுடைய அம்மாக்கள் வயிற்றில் பிள்ளை இருந்தபோதே பால்வாடியில் பேர் கொடுத்தவர்கள். சத்துமாவு வாங்க வருவார்கள், தடுப்பூசிக்கு வருவார்கள், பேரை எடுத்துவிடச் சொல்லி ஒருத்தரும் சொன்னதில்லை. அதனால் பேர் ஒரு பிள்ளைக்கு, சோறு ஒரு பிள்ளைக்கு என்று ஆகிவிட்டது. இவளாக உண்டாக்கிய ஏற்பாடு இல்லை. எங்கள் பக்கம் பல பால்வாடிகளில் ஏதோ ஒரு வகையில் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. வந்த சோற்றில் ஒரு பருக்கையை இவள் வீட்டுக்குக் கொண்டு வந்ததில்லை. நான் அரிசி ஆலைக்காரன் பிள்ளை இல்லை, வீட்டில் தட்டுப்பாடு வந்த நாட்களும் உண்டு. அப்போதும் கொண்டு வந்ததில்லை.

வருஷம் போகப் போக எல்லாம் இழுபறியாகிவிட்டது. சிலிண்டர் தீர்ந்தால் அடுத்தது எப்போது வரும் என்று தெரியாது. விளையாட்டுச் சாமான் என்று கடைசியாக வந்த பிளாஸ்டிக் யானைக்குத் தும்பிக்கை போய்விட்டது, பிள்ளைகள் அதை எருமை என்று வைத்து விளையாடின. கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். இங்கிருந்து திருவள்ளூருக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். போனால் புதிதாக ஒரு ஆப், புதிதாக ஒரு போட்டோ. "சோறாக்குனத போட்டோ எடு, சோறு துன்னறத போட்டோ எடு, கை கழுவறத போட்டோ எடு. நான் புள்ளைய பாக்கறதா, போன பாக்கறதா?" என்று வந்து கத்துவாள். பிறகு கத்துவதும் குறைந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள். அவள் கத்தினால்கூடத் தாங்கிக்கொள்வேன். அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் வாட்ஸாப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. வேறொரு பால்வாடி டீச்சர் கூட்டத்தில் கேட்டுவிட்டு அவசரமாகப் பேசி அனுப்பியிருந்தாள். நிதி இல்லையாம். பிள்ளைகள் சரியாக வராத மையங்களைப் பக்கத்து மையத்தோடு சேர்த்துவிடப் போகிறார்களாம். வாடகைக் கட்டடத்தில் இருக்கிறவை முதலில் போகுமாம். பேர் இல்லாத பிள்ளைக்குச் சோறு போடுகிற டீச்சர் மேல் நடவடிக்கையாம். மேலே இருந்து ஒரு மேடம் தேதி சொல்லி ஒவ்வொரு மையமாக நேரில் வந்து பார்க்கப் போகிறாராம்.

எங்கள் பால்வாடி வாடகைக் கட்டடம். பக்கத்து மையம் ஜி.என்.டி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அந்த ரோட்டை நான் தினமும் வண்டியில் கடக்கிறேன், சொல்கிறேன் கேளுங்கள்: கன்டெய்னர் லாரிகள் கல்கத்தா வரைக்கும் நிற்காமல் போகிற வேகத்தில் வரும். பெரிய ஆட்களே நடுவில் நின்று தவிப்பார்கள். மூன்று வயதுப் பிள்ளை அதைத் தாண்டிப் போய்ச் சோறு சாப்பிடுமா? மூடினால் லிப்சாவும் மற்றதுகளும் மறுபடி பூட்டிய அறைக்குள்தான். கமர் நிஷாவுக்கு அது ஒன்றுதான் கண்ணில் நின்றது.

"வர்ற அன்னிக்கு பேர் கீற பசங்கள நான் பால்வாடியில குந்தவெக்கணும்" என்றாள்.

"எப்டி?"

"நீங்கதானே ஏத்திக்கினு போறீங்க? ஒரு நாளைக்கு வண்டிய இந்தப் பக்கம் திருப்புங்க."

"சும்மா கீறியா? ஜெரால்ட் சாருக்குத் தெரிஞ்சா என்னை வண்டியோட சேத்து அனுப்பிடுவாரு."

"சாரை நான் கேட்டுக்கறேன்."

கேட்டாள். நர்சரி நடத்துகிற ஜெரால்ட் சார் நல்ல மனிதர். ஒரு நாள் லீவு போட்டால் ஒன்றும் கெட்டுப் போகாது என்று சொல்லிவிட்டார். அம்மாக்களும் ஒப்புக்கொண்டார்கள். "உங்களுக்கு இல்லாததா டீச்சர், யூனிபார்ம் போட்டு அனுப்பட்டா, கலர் டிரஸ்ல அனுப்பட்டா?" என்று கேட்டார்கள். இதில் எனக்கு இஷ்டமே இல்லை.

"அப்போ ஒடிசா பசங்க?" என்று கேட்டேன்.

"அந்த மேடம் போறவரைக்கும் பின்னால கீற ஆயா ரூம்ல குந்திக்கினு இருக்கும். பேரில்லாத பசங்கள பாத்தாதானே வம்பு?"

"இது சரியா வரும்னு எனக்குத் தோணல நிஷா."

"உங்களுக்கு எதுதான் தோணியிருக்கு?" என்றாள்.

அந்த நாள் வந்தது. என் வேன் முதல் தடவையாகப் பால்வாடி வாசலில் போய் நின்றது. கலர் டிரஸ் போட்ட பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலும் டிபன் பாக்ஸுமாக இறங்கின. ஷூவைக் கழற்றத் தெரியாமல் ஒரு பையன் அழுதான். பாயில் உட்காரச் சொன்னால் "சேர் எங்க மிஸ்?" என்று கேட்டது ஒரு பெண் பிள்ளை. கமர் நிஷா பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக உட்கார வைத்தாள். பின்பக்கம் குப்பம்மாளின் அறையில் லிப்சா கூட்டத்தை உட்கார வைத்து, பிஸ்கட் கொடுத்து, செல்போனில் பொம்மைப் படம் போட்டுக் கதவைச் சாத்தியிருந்தார்கள்.

வந்த அதிகாரி பேர் கல்பனா மேடம், கூட ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர். நான் என்னமோ அதட்டிக்கொண்டு வருவார் என்று நினைத்தேன். பாவம், முகமெல்லாம் வேர்த்து வழிய, செருப்பு வார் பாதத்தில் பதிய, காலையிலிருந்து எத்தனை மையம் ஏறி இறங்கினாரோ, வந்ததும் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அப்புறம் பிள்ளைகளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

முன்னால் உட்கார்ந்திருந்த பையனிடம், "உங்க ஸ்கூல்ல யாருடா உன்னை நல்லா பாத்துக்குவாங்க?" என்று கேட்டார்.

அவன் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, "குட் மார்னிங் மேம். ஜெரால்ட் சார், மேம்" என்றான். அதோடு விட்டானா? வாசலில் நின்றுகொண்டிருந்த என்னைக் காட்டி, "அது எங்க வேன் அங்கிள், மேம்" என்றான்.

நான் வேறு எங்கேயோ பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். எங்கே திரும்பினால் என்ன? குட்டு உடைந்துவிட்டது.

சாப்பாடு வந்தது. குப்பம்மாள் கலவை சாதம் செய்திருந்தாள். நர்சரிப் பிள்ளைகள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தன. ஒரு பிள்ளை நூடுல்ஸ் கொண்டு வந்திருந்தது. மேடம் அதையும் பார்த்தார். கோபப்படவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினார்.

"எனக்குப் புரியுதும்மா. எல்லா இடத்துலயும் இப்படி ஏதாவது செய்றாங்க. உங்க வேலை உங்களுக்கு முக்கியம். ஆனா எல்லா மையத்தையும் நடத்தக் காசு இல்லை. யாருக்கு முதல்ல வேணுமோ அவங்களுக்கு வைங்கன்னு சொல்லியிருக்காங்க. வெளியூர்லருந்து வேலைக்கு வந்தவங்க பிள்ளைங்க இருக்கிற இடத்துல மட்டும் மூட வேண்டாம்னு இருக்கு. பேர் பதியலைன்னாலும் பரவாயில்லை, நேர்ல பாத்து எழுதுங்கன்னு இருக்கு. சிப்காட் பக்கம்னு சொன்னதால இங்க அந்தப் பிள்ளைங்க இருப்பாங்கன்னு நம்பித்தான் நானே வந்தேன். ஒருத்தரும் இல்லை. இருக்கிற பிள்ளைங்க எல்லாம் நல்ல வீட்டுப் பிள்ளைங்க. இங்க மூடினா யாரும் அழப்போறதில்லைம்மா."

அந்தக் குரல் செய்தியில் இது வரவில்லை. யார் மறைத்ததும் இல்லை. முதல் பாதியைக் கேட்ட பயத்தில் அந்த டீச்சர் அடுத்த பாதியைக் காதில் வாங்கியிருக்க மாட்டாள். எந்தப் பிள்ளைகளைக் காட்டினால் பால்வாடி பிழைக்குமோ அந்தப் பிள்ளைகளை இவளே கதவுக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டாள். எந்தப் பிள்ளைகளைக் காட்டினால் போகுமோ அதுகளை நான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியிருக்கிறேன்.

கமர் நிஷா என்னைப் பார்த்தாள். அவள் என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். கதவைத் திறந்தால் இத்தனை நாள் பேர் ஒன்று, சாப்பிட்டது ஒன்று என்பது வெளியே வந்துவிடும். அவள் வேலை போகும். பேசாமல் இருந்தால் அவளுக்கு ரோட்டுக்கு அந்தப் பக்க மையத்தில் வேலை நிச்சயம். பேசாமல் இரு, பேசாமல் இரு என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"ஒரு நிமிஷம் இருங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனாள்.

கதவு திறந்ததும் பிள்ளைகள் ஓடி வந்தன. சாப்பாட்டு வாசனை அடித்த பிறகு அதுகளை யார் பிடிப்பது? அலமாரியிலிருந்து ஆளுக்கொரு தட்டை எடுத்துக்கொண்டு பாய்க்கு வந்தன. லிப்சா உட்காருகிற இடத்தில் அந்த நூடுல்ஸ் பிள்ளை உட்கார்ந்திருந்தது. லிப்சா அதை ஒரு இடி இடித்துத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். குப்பம்மாள் பரிமாறினாள். நர்சரிப் பிள்ளைகள் தொடாமல் வைத்த தட்டுகளையும் அதுகளே இழுத்துக்கொண்டன. கொஞ்ச நேரம் அங்கே சாப்பிடுகிற சத்தம்தான்.

மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இத்தனை நாள் இவங்களுக்குச் சாப்பாடு யார் பேர்ல போட்டீங்க?"

"அவங்க பேர்ல மேடம்" என்று டிபன் பாக்ஸ் பிள்ளைகளைக் காட்டினாள். "அவங்க வரல. இவங்க பசியோட இருந்தாங்க."

"இந்தப் பிள்ளைங்களை மட்டும் காட்டியிருக்கலாமே. நர்சரிப் பிள்ளைங்களை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

"பயத்துல மேடம். மூடிடுவீங்கன்னு."

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் இப்ப ஒண்ணை எழுதினா இன்னொண்ணையும் எழுதியாகணும். பிள்ளைங்க இருக்காங்கன்னு எழுதினா, இத்தனை நாள் வருகை பொய்யா காட்டியிருக்கீங்கன்னும் எழுதணும். கூட ரெண்டு பேர் வந்திருக்காங்க, அவங்களும் பாத்துட்டாங்க. நீங்க கதவைத் திறக்காமயே இருந்திருக்கலாம்."

"ரெண்டையும் எழுதுங்க மேடம்" என்றாள் என் மனைவி. தெளிவாகச் சொன்னாள்.

எனக்கு அவள் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வேனில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது கண்ணில் நீர் வந்துவிட்டது. "அங்கிள், ஏன் அழறீங்க?" என்று அந்த 'குட் மார்னிங்' பையன் கேட்டான். தூசி என்றேன். சிப்காட்டில் தூசிக்கா பஞ்சம்?

கல்பனா மேடம் சொன்னபடியே செய்தார். இரண்டு உத்தரவும் ஒரே வாரத்தில் வந்தன. பால்வாடி மூடப்படாது, அதே இடத்தில் நடக்கும். விசாரணை முடிகிற வரைக்கும் கமர் நிஷா பணியில் இருக்கக் கூடாது, மையத்துக்குள் கால் வைக்கவும் கூடாது.

குப்பம்மாள் வீட்டுக்கு வந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். கமர் நிஷா அழவில்லை. "மூடலல்ல? அது போதும் ஆயா, எழுந்திரு, டீ குடி" என்றாள். அன்றைக்கு அவள் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்ததை நான் பார்த்தேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு, முகம் கழுவி, தலை வாரிக்கொண்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு என்னைத் திட்டினாள். எனக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

அவள் இடத்துக்கு வேறு டீச்சர் போடுவார்கள் என்று நினைத்தோம். புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். நிதி இல்லை என்றார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கத்து டீச்சருக்குக் கூடுதல் பொறுப்பு கொடுத்தார்கள். அவளுக்கு ஏற்கெனவே அங்கே பிள்ளைகள், ஆப், கூட்டம், எல்லாம் இருக்கிறது. முதலில் தினமும் வந்தாள். அப்புறம் ஒன்றுவிட்டு ஒரு நாள். அந்த மையத்து ஆயா ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கும் ஆள் போடவில்லை. குப்பம்மாளை வாரத்தில் பாதி நாள் அங்கே வந்து சமைக்கச் சொல்லிவிட்டார்கள். சாவி அந்த டீச்சரிடம். அவள் வராத நாளில் பால்வாடி பூட்டியிருக்கும். இதில் யாரைப் போய்க் குற்றம் சொல்வது? அந்த டீச்சரும் ஓடி ஓடி இளைத்துவிட்டாள்.

குப்பம்மாள் ஒரு நாள் என் வேனை நிறுத்தி, "நைனா, டீச்சரம்மாகிட்ட சொல்லிடாத" என்றாள். "பூட்டிக்கினு கீதுன்னு தெரிஞ்சா அது ஓடியாந்துடும். வந்து இந்த வாசல்ல கால வெச்சா, அதுக்கு வேலை மொத்தமா பூடும். நானும் போன்ல தொறந்துதான் கீதுன்னு சொல்லிக்கினு வரேன்."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? விசாரணை எப்போது நடக்கும் என்று கேட்டால் ஆபீஸில் யாருக்கும் தெரியவில்லை.

இன்றைக்கு மத்தியானம் சின்ன வகுப்புப் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு அந்த வழியாக வந்தேன். பால்வாடி பூட்டியிருந்தது. சுவரோரம் இருந்த துண்டு நிழலில் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டு வந்த தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. லைன் வீடுகளில் சில அறைகளுக்கு மறுபடி வெளியே பூட்டுத் தொங்கியது. வேனைப் பார்த்ததும் லிப்சா ஓடி வந்து படியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"டீச்சர்?"

"நாளைக்கு வருவாங்க" என்றேன். அவளுக்கு இப்போது தமிழ் நன்றாகப் புரியும். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போய் நிழலில் உட்கார்ந்தாள். கடைக்குப் போய் எல்லாருக்கும் பன் வாங்கிக் கொடுத்தேன். தினமும் முடியாது, எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து கை கழுவுவதற்குள் கமர் நிஷா கேட்டுவிட்டாள்.

"தொறந்திருந்திச்சா?"

"தொறந்திருந்திச்சு."

"இன்னிக்கு முட்டை நாளு. போட்டாங்களாமா?"

"போட்டாங்க. ஆயா சொன்னாங்க."

"லிப்சா மஞ்சக்கருவ துப்பிடும். சோத்துல பெசஞ்சு ஊட்டணும், ஆயாவுக்கு அது தெரியாது."

"பெசஞ்சுதான் ஊட்டுனாங்களாம். துன்னுட்டுதாம்."

அவள் சிரித்தாள். தட்டில் சோறு போட்டுக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டாள். நாளைக்கும் கேட்பாள். நாளைக்கு முட்டை நாள் இல்லை. கலவை சாதம் என்று சொல்ல வேண்டும்.